சூளைக்கு வளைந்த வேலி

சர்வே ஆள் நட்ட குச்சி, முனியாயியின் வீட்டுப் பின்வாசலுக்கும் அவளுடைய சூளைக்கும் சரிபாதியில் நின்றது. தலையில் சிவப்புத் துணி கட்டிய குச்சி. அந்த ஆள் குனிந்து, மூன்று கால் கண்ணாடி வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்து, அடுத்த குச்சிக்குக் கையைக் காட்டினான். கோடு நேராகப் போயிற்று. நேராகப் போகிற எதைக் கண்டாலும் முனியாயிக்குச் சந்தேகம் வரும். சந்தையில் கண்ணைப் பார்த்து நேராகப் பேசுகிறவன்தான் தராசில் விரலை வைப்பான் என்பது அவள் அனுபவம்.

பக்கத்தில் தாளும் பென்சிலுமாக நின்ற தோட்டத்துக் கணக்கர், கிராணி சாமிநாதனைக் கேட்டாள்.

"இந்தக் குச்சி என்னத்துக்கு, கிராணியாரே?"

"வேலி வருது. முள்கம்பி, எட்டடி உயரம். அடுத்த திங்கக்கிழமை கம்பம் நடறாங்க. குச்சிக்கு இந்தப் பக்கம் உள்ளே, அந்தப் பக்கம் வெளியே. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிட்டா, வெளியே தலை தெரிஞ்சா சுடுவாங்க. விளங்குச்சா?"

"அப்ப என் சூளை?"

"சூளைக்கு என்ன லா, அது எங்கேயும் ஓடாது. காட்டுக்காரனா அதைத் தூக்கிட்டுப் போகப் போறான்?"

கிராணி தன் நகைச்சுவைக்குத் தானே கொஞ்சம் சிரித்துக்கொண்டு அடுத்த குச்சிக்கு நடந்தார்.

மலாயாவில் ஐம்பத்தோராம் வருஷம் அது. அவசரகாலச் சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்று சர்க்கார் தோட்டம் தோட்டமாகக் கூலி வீட்டு லயங்களை ஒன்றுசேர்த்து வேலி கட்டிக்கொண்டிருந்தது. லூபோக் சீனாவுக்கு நாலு மைல் தள்ளியிருந்த கல்மேட்டுத் தோட்டத்துக்கு இப்போதுதான் முறை வந்திருந்தது. மற்றவர்கள் கோழிக்கூண்டை உள்ளே இழுத்தார்கள், வாழைக்கன்றைப் பெயர்த்து நட்டார்கள், காரியம் முடிந்தது. சூளையை இழுக்கவும் முடியாது, பெயர்க்கவும் முடியாது.

வேறிடத்தில் கட்டிக்கொள்ளலாமே என்று குஞ்சம்மாகூடச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி, நல்ல மனசு. ஆனால் பானையில் தண்ணீர் எடுக்க மட்டும் தெரிந்தவள். வேலிக்குள்ளே இருந்ததெல்லாம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடுகள், ஒன்றின் காதில் இன்னொன்று பேசுகிற நெருக்கத்தில். அந்த வீடுகளுக்கு நடுவே திறந்த தீ மூட்டக் கூடாது என்று கிராணியின் தாளிலேயே ஒரு வரி இருந்தது. வெளியே விட்டுவிட்டுப் போகலாமென்றால், சூளை ஆறு மணிக்கு வேலை முடித்துக்கொள்கிற தோட்டத்து ஆள் இல்லை. பானையை அடுக்கி, விறகும் தேங்காய்மட்டையும் செருகி, மேலே வைக்கோலும் சேறும் பூசி, விடியும்போது தீ வைத்தால் மறுநாள் விடியும்வரை கூடவே இருக்க வேண்டும். எங்கே சேறு வெடிக்கிறது, எந்த ஓட்டையை அடைக்க வேண்டும், மழை வருகிறதா என்று பார்த்தபடி இருக்க வேண்டும். ஆறுக்குப் போய்விட்டு ஆறுக்குத் திரும்பி வந்தால், பாதி பச்சையாகவும் பாதி ஓடாகவும் கிடக்கும்.

சூளை போனால் முனியாயி மறுநாள் புல்வெட்டுக் கும்பலில் நிற்க வேண்டியதுதான். கங்காணி பெயர் கூப்பிட, "வந்தேன்" என்று சொல்ல வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷமாக அவள் யாருக்கும் "வந்தேன்" சொன்னதில்லை. அவள் புருஷன் பிச்சைமுத்து காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து மத்தியானம் சக்கரத்தில் உட்காருவான். மண் மிதிப்பது, பானை தட்டுவது, சந்தைக்குக் கொண்டுபோய் மூன்று பாஷையில் பேரம் பேசுவது எல்லாம் அவள் பாடு.

பேரத்துக்கு அவளிடம் ஒரு சரக்கு இருந்தது. பிச்சைமுத்துவின் பானையில் மட்டும், கழுத்திலிருந்து வயிறுவரை அலை அலையாகக் கோடு ஓடும். தென்னை ஈர்க்கை வரிசையாகக் கட்டிய ஒரு சீப்பால், சக்கரம் சுற்றும்போதே இழுப்பான். அவன் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில். செக்கச்செவேலென்று மணல் குன்று குன்றாகக் கிடக்கிற பாலைவனம். ஆடிக் காற்றில் காலையில் பார்த்த குன்று சாயங்காலம் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். காற்று மணலில் போட்ட கோட்டைத்தான் அவன் பானையில் போட்டான். முனியாயி புதுக்கோட்டைச் சீமைக்காரி. "மழையே பெய்யாத ஊர்ல பொறந்துட்டு, தண்ணிப் பானை செய்ய வந்த மனுசன்" என்று கேலி செய்வாள். ஆனால் சந்தையில் அந்தக் கோட்டை மலாய்க்காரப் பெண்களின் ஈரக் கையில் தேய்த்துக் காட்டி, "தா லிச்சின், மாக்சிக், வழுக்காது பாருங்க அம்மா" என்று கூடக் கால் வெள்ளி வாங்கிவிடுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சின்ன துரை சூளைக் கொட்டகைக்கு வந்தார்.

சின்ன துரை என்றால் பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரர். முப்பது வயது, மூக்கு நுனி எப்போதும் தோல் உரிந்திருக்கும். வேலி வேலை அவர் பொறுப்பில் இருந்தது. தோட்டத்து ஆட்களிடம் தமிழ் கற்றுப் பரீட்சையும் பாஸ் பண்ணியவர். கற்றுக் கொடுத்தவர்கள் மாட்டை ஓட்டும்போது பேசியதைக் கேட்டுக் கற்றதாலோ என்னவோ, கோயில் பூசாரியைக்கூட "நீ வா, நீ போ" என்றுதான் சொல்வார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழ் பேசுகிறாரே, அது போதாதா.

குழாயடியில் ஒரு பானையைப் பார்த்தாராம். யார் செய்தது என்று கேட்டு வந்திருந்தார்.

கொட்டகையில் ஆறு பெரிய பானைகள் வரிசையாக நின்றன. முந்தாநாள் சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்தவை. கைக்கு ஒட்டாத பதத்தில் காய்ந்திருந்தன. ஆறுக்கும் அடி கிடையாது. சக்கரத்திலிருந்து வரும்போது பானை அப்படித்தான் வரும், மேலே வாயும் கீழே இன்னொரு வாயுமாக. பிறகு உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இழுத்து அடியை மூட வேண்டும். அது முனியாயியின் வேலை. தட்டத் தட்டப் பானை மெலியும், வயிறு உருளும், அடி சேரும், பலகை பட்ட இடத்தில் கோடு அழியும்.

சின்ன துரை ஐந்தாவது பானை முன்னால் குந்தி உட்கார்ந்தார். விரலைக் கோட்டின்மேல் மெதுவாக ஓட்டினார்.

"சண்டையிலே நான் ரெண்டு வருஷம் மணலிலே இருந்தேன்" என்றார். "லிபியா. தண்ணி இல்லே, மரம் இல்லே. சாயங்காலம் வெயில் சாயும்போது மணல் இப்படித்தான் இருக்கும். இதே கோடு. இதைச் செஞ்சவனுக்கு எப்படித் தெரியும்?"

"அவுக ஊரும் மணலுதாங்க தொரை. வேற ஒண்ணும் கிடையாது" என்றாள் முனியாயி.

"இது எனக்கு வேணும்."

அவள் மனசுக்குள் தராசு ஒன்று தட்டை அசைத்தது. ஒருவனுக்கு ஒரு பொருள் வேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டால், பாதி வியாபாரம் முடிந்தது.

"எடுத்துக்கங்க தொரை. உங்களுக்கு இல்லாததா. அடியை மூடி, காய வச்சு, சுட்டுத் தர்றேன்."

"அடி வேண்டாம். இப்படியே வேணும். மேலேயிருந்து கீழே வரைக்கும் கோடு இருக்கு பார், அது அப்படியே நிக்கணும்."

"அடி இல்லாட்டி தண்ணி நிக்காதே தொரை."

"பாலைவனத்திலே தண்ணி ஏது? நீ தொடாதே. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்."

அடியில்லாத பானையைச் சூளையில் வைப்பது என்பது முனியாயி கேட்டறியாத சங்கதி. அவள் பிறந்த வீட்டில் அதைப் பானை என்றே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் சூளை தனக்கு நிற்குமென்றால், வாயில்லாத பானையைக்கூடச் சுட்டுத்தர அவள் தயார்.

"சரிங்க தொரை. தொடலை. ஆனா இந்த வேலி..."

"வேலி போலீஸ் போட்ட கோடு. ஞாயித்துக்கிழமை பேசலாம்." அவர் எழுந்து போனார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பானையைப் பார்த்தார். அதை முனியாயி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பிச்சைமுத்து பால் வெட்டப் போனபின், அவள் கல்லும் பலகையுமாக உட்கார்ந்தாள். பானைகள் பதமாக நின்றன. இன்றைக்கு விட்டால் இறுகிப்போகும். கை தட்ட ஆரம்பித்தது. வாய் ஞாயிற்றுக்கிழமைப் பேரத்தை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தது.

துரையிடம் எடுத்த எடுப்பில் வேலியைக் கேட்கக் கூடாது. முதலில் ஒரு பெரிய கேட்பு, நடக்காத கேட்பு. லயத்தையே இந்தப் பக்கம் மாற்றிக் கட்டுங்கள் என்று கேட்க வேண்டும். முடியாது என்பார். சரி, ஒரு சின்னக் கேட் வையுங்கள், சாவி என்னிடம் கொடுங்கள். சிரிப்பார். சிரித்த மனுஷனிடம், பன்னிரண்டு கெஜம் தள்ளிக் கம்பம் போடச் சொன்னால் அது சின்னதாகத் தெரியும். அவர் எட்டு கெஜம் என்றால்? எட்டு போதாது, பாதிச் சூளை வெளியே நிற்கும். பத்து என்றால்? பத்தில் இழுத்துப் பிடிக்கலாம், விறகு அடுக்க இடம் இருக்காது, பரவாயில்லை. அவர் போலீசைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தால்...

பேரம் அவளுக்குச் சாதகமாகப் படிந்தபோது பலகை நின்றது. ஐந்தாவது பானையின் அடி நல்ல உருண்டையாக மூடியிருந்தது. அப்படி ஒரு நேர்த்தியான அடியை அவள் அந்த மாதத்தில் தட்டவில்லை.

பானையைச் சுற்றித் திருப்பிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு கோடு மிச்சமில்லை. பலகை பட்ட இடமெல்லாம் வழவழவென்று இருந்தது.

பதினொரு மணிக்குப் பிச்சைமுத்து வந்தான். பார்த்தான். நாள் முழுதும் சேர்த்துப் பதினைந்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காத ஆள்.

"அந்தப் பலகையை எடுத்து என் தலையிலயும் ரெண்டு போடுங்க" என்றாள் முனியாயி.

"வேண்டாம்ட்டி. உன் தலை பதம் தாண்டிட்டு."

"கிண்டலா பண்றீங்க? சூளை போச்சு. இன்னொண்ணு சுத்துங்க, இப்பவே."

"மண்ணு ஏது?"

மண் இல்லை. ஆற்றோரக் குழிக்குப் போகிற பாதையைப் போலீஸ் அந்த வாரம் மூடியிருந்தது. குழைத்து வைத்திருந்த மண் ஆறு பானையோடு தீர்ந்திருந்தது. பிச்சைமுத்து செம்மண் கரைசலைத் துணியில் தோய்த்து, அந்தப் பானையை எடுத்து மடியில் வைத்து, எப்போதும் போலப் பூச ஆரம்பித்தான். மேலே கோட்டில் கொஞ்சம் தேய்த்தான், கீழே வழவழப்பில் அதிக நேரம் தேய்த்தான். அவன் முகத்தில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அதுவே முனியாயிக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்ன துரை கிராணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். செந்நிறமாகப் பூசிய பானை பலகைமேல் கவிழ்த்து வைத்திருந்தது, அடி மேலாக. துரை சுற்றி வந்து பார்த்தார்.

"நான் தொடாதேன்னு சொன்னேன்."

முனியாயி ஒத்திகை பார்த்த பேச்சில் இந்த வரி இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வாங்குகிறவன் கையில் பொருள் இருக்கும்போது பொய் செல்லாது.

"தொட்டுட்டேன் தொரை. வேணும்னு இல்லை. கை பழக்கம், மூடிருச்சு."

"இது மணல் இல்லே இப்போ. பாதி மணல். கீழே வெறும் பானை."

கிராணி சாமிநாதன் தொண்டையைச் செருமினார். "சொன்னாக் கேட்கற ஜாதியா சார் இது? தட்டத்தான் தெரியும்."

அப்போது பிச்சைமுத்து பேசினான். பானையை நிமிர்த்திக் கையில் தாங்கிக்கொண்டு, துரையைப் பார்க்காமல் பானையைப் பார்த்துப் பேசினான்.

"தொரை, காத்து எந்தப் பக்கம் அடிக்கோ அந்தப் பக்கம்தான் கோடு விழும். குன்றுக்கு மறுபக்கம் கோடு கிடையாது. மணல் சரிஞ்சு விழுந்து வழவழன்னு கிடக்கும், காத்து அங்க இறங்காது பாத்துக்கிடுங்க. நாங்க ஆடு மேய்க்கப் போனா மத்தியானம் அந்தப் பக்கத்துலதான் படுத்துக் கிடப்போம். உங்க ஊரு மணல்ல எப்படின்னு எனக்குத் தெரியாது."

அது அவனுடைய இரண்டு நாள் வார்த்தை. சொல்லிவிட்டுப் பானையைத் துரை கையில் கொடுத்தான்.

சின்ன துரை வாங்கிக்கொண்டார். ஒரு கை கோட்டின்மேல் இருந்தது, இன்னொரு கை அடியைத் தாங்கியிருந்தது. அந்தக் கையின் கட்டைவிரல் வழவழப்பில் முன்னும் பின்னும் போயிற்று.

"நாங்களும் அந்தப் பக்கம்தான் படுத்தோம்" என்றார் கடைசியில். "கோடு இருக்கற பக்கம் யாரும் படுக்க மாட்டான். கண்ணெல்லாம் மணல் போகும்." பிறகு இங்கிலீஷில் ஏதோ தனக்குள் சொல்லிக்கொண்டார். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை.

முனியாயி மூச்சை விட்டாள். அதே மூச்சில் பேரக் கடையைத் திறந்தாள்.

"பாத்துப் பிடிங்க தொரை. பச்சைப் பானை. ஒரு சொட்டுத் தண்ணி பட்டா கரைஞ்சு மண்ணாயிரும்."

"எப்ப சுடுவே?"

"இன்னும் ஒரு வாரம் நிழல்ல காயணும். அப்புறம் சூளை போடணும். ஒரு பகல், ஒரு ராத்திரி."

"சரி. போடு."

"எங்கே தொரை போடறது? நாளைக்குக் கம்பம் நட்டா சூளை வெளியே, நான் உள்ளே. ராத்திரி நான் தீ பாக்கப் போனா உங்க காவக்காரன் சுட்டுருவான். பானை சுட வேண்டியதுக்கு என்னைச் சுட்டா என்ன பிரயோசனம்?"

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி தாளைப் பார்த்தார். முனியாயி லயத்தை மாற்றிக் கட்டுவதையும் சாவியையும் கேட்கவே இல்லை. சில நேரம் பெரிய கேட்பு தேவைப்படாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பன்னண்டு கெஜம் தள்ளிப் போடுங்க. அம்புட்டுத்தான்."

"கம்பி அளந்து வந்திருக்கு சார்" என்றார் கிராணி. "மொத்த நீளம் மாறக் கூடாதுன்னு போலீஸ் கண்டிஷன். இங்க வளைச்சா போக வர இருபத்தஞ்சு கெஜம் குறையும்."

"இங்கே குறைஞ்சா அங்கே சுருக்கு" என்றார் துரை. "வேலி எங்கே காலி இடத்தைச் சுத்திப் போகுது?"

கிராணி தாளில் விரலை ஓட்டினார். கோயில், பால் ஸ்டோர், டிஸ்பென்சரி, ஒன்றையும் விட முடியாது. விரல் கிழக்கு மூலையில் நின்றது.

"பந்து விளையாடற திடல்தான் சார். மூலையை வெட்டினா கம்பி மிச்சமாகும். ஆனா ஒரு பக்கத்து கோல் கம்பம் வெளியே போயிரும்."

துரை யோசித்தார். அவருக்குப் பந்தாட்டம் பிடிக்கும். தோட்டத்து அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கையில் பானை இருந்தது. கீழே வைக்க மனசில்லாமல் இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டு" என்றார்.

திங்கட்கிழமை கம்பம் நட்டார்கள். லயத்தின் பின்புறம் நேராக வந்த வேலி, முனியாயியின் வீட்டருகே வெளியே வளைந்து, சூளையையும் விறகு அடுக்க ஒரு முழ இடத்தையும் சுற்றிக்கொண்டு மறுபடி நேரானது. காவல் கூண்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேலி ஏதோ பெரிய சாப்பாடு சாப்பிட்டு வயிறு தள்ளியது போலத் தெரிந்ததாம்.

சாயங்காலமே பந்தாட்ட அணியின் தலைவன் சிவசாமி, பின்னால் எட்டுப் பேரோடு வந்து நின்றான்.

"இது நியாயமா அக்கா? உங்க பானைக்காக எங்க கோலு முள்கம்பிக்கு வெளியே நிக்குது. எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஒரு பக்கத்து கோலுதானேப்பா?"

"ஒரு பக்கத்த வச்சு என்ன பண்றது?"

"ரெண்டு பக்கமும் இருந்தப்ப என்ன பண்ணீங்க? லிங்கி ஊர்க்காரங்க வந்து ஏழு கோலு போட்டுட்டுப் போனாங்க, உங்க பக்கம் ஒண்ணு விழுந்து நான் பாக்கலை. இப்ப அந்தப் பக்கம் அடைச்சாச்சு. இனிமே போடறவனும் இல்லை, வாங்கறவனும் இல்லை."

பின்னால் நின்ற எட்டுப் பேரில் மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அணி அதோடு கலைந்தது. மறுவாரம் அவர்களே இரண்டு மூங்கிலைக் குறுக்கே நட்டு, திடலைச் சின்னதாக்கி விளையாட ஆரம்பித்தார்கள். முனியாயியை ஒரு மாதம் யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை, பானைக்காரம்மா என்றார்கள்.

காய வேண்டியது காய்ந்தது. முன்பே காய்ந்திருந்த சின்னப் பானைகளோடு அந்த ஆறையும் அடுக்கி, அடுத்த வாரம் ஒரு நாள் விடியும்போது சூளைக்குத் தீ வைத்தாள். புகை வேலியைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போயிற்று. தடுக்க அங்கே ஆள் இல்லை. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினார்கள். அவள் சூளையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபின் சேற்றை உடைத்து, சாம்பலைத் தள்ளி, பானைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எடுத்ததை விரல் முட்டியால் தட்டிக் காதருகே பிடித்தாள். ஒன்று விரிசல், மந்தமாகச் சொன்னது. அதைச் சாம்பல் பக்கம் தள்ளினாள். துரையின் பானை, கோட்டுப் பக்கம் செக்கச்செவேலென்றும் வழவழப்புப் பக்கம் புகை பட்டுக் கொஞ்சம் கருத்தும் வந்திருந்தது. தட்டினாள். கணீரென்றது.

"கிராணியாருக்குச் சொல்லி அனுப்புங்க, ஆள் வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள் பிச்சைமுத்துவிடம்.

அவன் தலையை ஆட்டினான். அவள் அந்தப் பானையை வைக்கோல்மேல் நிறுத்திவிட்டு அடுத்ததை எடுத்தாள். புதன்கிழமை சந்தை. இன்னும் பதினேழு தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.